எந்த நாட்டில் குடியேறலாம்? சிங்கப்பூர், துபாய், பிரான்சு மூன்றையும் பார்த்த ஒரு குடும்பத்திலிருந்து பதில்

கேள்வி கேட்ட தம்பி தம்மைப் பற்றிச் சொல்லியிருப்பது இதுதான்: வயது 26, சொந்த ஊர் நெல்லிக்குப்பம், மெக்கானிக்கல் டிப்ளமோ, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை. ஏஜென்ட் ஒருவர் சிங்கப்பூருக்கு எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) எடுத்துத் தருவதாக 4 லட்சம் ரூபாய் கேட்கிறார். நண்பர்கள் துபாய் நல்லது என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பங்களைப் பார்க்கும்போது பிரான்சு மீது ஆசை வருகிறது. மூன்றையும் ஒப்பிட்டு எந்த நாட்டு வாழ்க்கை நல்லது என்று சொல்லச் சொல்கிறீர்கள்.

எங்கள் ஒரே குடும்பத்தில் மூன்று நாடுகளும் இருக்கின்றன. நான் என் கணவரோடு 2008 முதல் 2017 வரை துபாயை ஒட்டிய ஷார்ஜாவில் இருந்தேன். என் தம்பி 2011 முதல் சிங்கப்பூரில் இருக்கிறான். என் பெரியம்மா குடும்பம் பாரிசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் இருக்கிறது. இவற்றை அருகிலிருந்து பார்த்த பிறகு, சம்பளத்தையும் சாலையையும் வைத்து நாடுகளை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த நாடு உங்களை எந்தக் காகிதத்தின் பேரில் உள்ளே விடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அந்தக் காகிதம் மாறினால் ஒரே தெருவில் இருப்பவர்களுக்கும் வாழ்க்கை வேறாகிவிடுகிறது.

இதற்கு எங்கள் வீட்டிலேயே பழைய சான்று உண்டு. அம்மா பிறந்த ஊர் முத்தியால்பேட்டை. புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவிடம் வந்துவிட்டாலும், 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. கிட்டத்தட்ட 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு சொல்தா எங்கள் தாத்தா வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தார். அவர் எழுதிக் கொடுத்தார். மில் தொழிலாளியான எங்கள் தாத்தா, தேசக்கொடி ஏற்றியதைப் பார்த்து அழுத மனிதர், எழுதிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றி அவர் கடைசிவரை வருந்தியதும் இல்லை. 1966இல் அந்தச் சொல்தாவின் மகனுக்குப் பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்தார்கள். அக்காலச் சட்டப்படி திருமணத்தோடு அவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது. அம்மாவைக் கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) கட்டிக் கொடுத்தார்கள். உடன்பிறந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் பிள்ளைகள் பிரான்சுக்கு உரிமையோடு போனார்கள், இன்னொருத்தியின் பிள்ளைகளான நாங்கள் விசாவுக்கு வரிசையில் நின்றோம். படிப்பிலோ உழைப்பிலோ எங்களுக்குள் பெரிய வேறுபாடு இருந்ததில்லை.

சிங்கப்பூரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கையில் இப்போது இருப்பது அந்த வழிதான். என் தம்பி ஐ.டி.ஐ. முடித்த வெல்டர். அவனுக்கும் எஸ் பாஸ் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். அம்மாவின் நகைகளை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் அந்தப் பணத்தைக் கட்டினோம். கிளம்பும் இரவு, சென்னை விமான நிலையத்தில் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்த அனுமதிக் கடிதத்தில் வொர்க் பெர்மிட் என்று இருந்தது, அது எஸ் பாஸைவிடக் கீழ்நிலை அனுமதி. திரும்பி வர முடியாது, கடன் நின்றுகொண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது எங்கள் ஓட்டு வீட்டின் கூரை பாதி போயிற்று. மூன்று நாள் வீட்டுக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. நான் ஷார்ஜாவிலிருந்து ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தேன், தார்ப்பாய் போட்ட கூடத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பியால் வர முடியவில்லை. வந்தால் டிக்கெட் செலவும் சம்பளப் பிடித்தமும் சேர்ந்து வட்டி இரட்டிப்பாகும் என்று கணக்குப் பார்த்து, விடுதியிலேயே இருந்துவிட்டான்.

சிங்கப்பூர் மோசமான நாடு என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. பொது அறிவிப்புப் பலகைகளில் தமிழைப் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் பாதி தஞ்சாவூரும் பாதி கடலூரும் கண்ணில் படும் என்பான் தம்பி. சம்பளம் சொன்ன தேதியில் வருகிறது, வேலையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டில் ஓடுகளை நீக்கித் தளம் போட்டது அவன் பணத்தில்தான். ஆனால் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. அவன் மகள் 2016இல் பிறந்தாள். பள்ளியில் சேரும்வரை அவளோடு அவன் இருந்தது மொத்தம் 97 நாள். இதைத் தம்பி மனைவி ஒரு டைரியில் குறித்து வைத்திருக்கிறாள்.

அதே சிங்கப்பூரில் எங்கள் பழைய தெருக்காரர் ஒருவர் மென்பொருள் வேலையில் இருக்கிறார், நிரந்தரவாசி ஆகிவிட்டவர். அவருடைய மத்திய சேம நிதிக்கு மாதந்தோறும் சம்பளத்தில் 20 விழுக்காடு அவர் கட்டினால், 17 விழுக்காடு முதலாளி சேர்த்துக் கட்டுகிறார். தம்பிக்கு அந்தச் சேம நிதியே கிடையாது, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் உரியது. அவர் குடும்பம் கூடவே இருக்கிறது. இருவரையும் நிறுத்தி சிங்கப்பூர் எப்படி என்று கேட்டால் இரண்டு வேறு நாடுகளைப் பற்றிய பதில்தான் கிடைக்கும். அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு: பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகும் ஆண் பிள்ளைகள் தேசிய சேவை என்ற கட்டாயச் சீருடைப் பணிக்குப் போயாக வேண்டும். அதை எண்ணி அவர் இப்போது குழம்பிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஷார்ஜா வாழ்க்கை தம்பியின் வாழ்க்கையைவிட எவ்வளவோ சுகமானது. கணவருக்குத் துபாயில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை, சம்பளம் குடும்ப விசாவுக்குப் போதுமானதாக இருந்தது. அங்கே 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் மனைவி மக்களை அழைக்கலாம். சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. மகள் அங்கேதான் நடக்கப் பழகினாள். ஆனால் குடும்பத்தில் நான்கு பேரின் இருப்பும் அவர் ஒருவரின் வேலை விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. 2017இல் நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. விசா கேன்சல் ஆன நாளிலிருந்து எங்களுக்கு அப்போது 30 நாள் அவகாசம். அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டுக்குத் தெரியாத ஆட்கள் வந்து குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், கட்டில் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்ப்பார்கள். மகளின் சைக்கிளை எதிர்வீட்டு மலையாளிக் குடும்பம் 60 திர்ஹாமுக்கு எடுத்துக்கொண்டது. அவள் சைக்கிளின் மணியை மட்டும் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஒன்பது ஆண்டு வாழ்ந்த ஊரில் ஒன்பது பெட்டிக்கு மேல் எங்களுக்கு உரிமையானது ஒன்றும் இல்லை.

வேலை முடிவில் அங்கே பணிக்கொடை உண்டு: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். ஒன்பது ஆண்டுக்கு 225 நாள் சம்பளம் என்று கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அது அடிப்படைச் சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவது. என் கணவரின் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதிக்கும் கீழே, மீதியெல்லாம் படி. சேர்ந்த நாளில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டதன் பலனை ஒன்பது ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டோம்.

இனி பிரான்சு. 2019 டிசம்பரில் சுற்றுலா விசாவில் மூன்று வாரம் பெரியம்மா வீட்டில் தங்கினேன். அண்ணன், அதாவது பெரியம்மா மகன், விமான நிலையத்தில் வேலை பார்க்கிறார். வாரம் 35 மணி நேர வேலை, ஆண்டுக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சமூகப் பாதுகாப்புக்குப் பிடித்துக்கொண்டுதான் கையில் கொடுக்கிறார்கள், பிறகு வருமான வரி வேறு. ஷார்ஜாவில் வாழ்ந்து பழகிய எனக்கு அந்தப் பிடித்தம் கொள்ளையாகப் பட்டது. பெரியம்மாவின் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது, தன் புகைப்படம் போட்ட பச்சை நிற மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டியதற்கு மேல் அவர் கையிலிருந்து போனது மிகச் சொற்பம் என்று தெரிந்த பிறகுதான், அந்தப் பிடித்தம் எங்கே போகிறது என்பது எனக்கு விளங்கியது.

ஆனால் அந்தப் பெரியம்மாவைப் பார்த்து என் மனம் கனத்தது. நான்காவது மாடி. பேரப்பிள்ளைகள் தமிழைப் புரிந்துகொள்வார்கள், பதிலைப் பிரெஞ்சில் சொல்வார்கள். சமையலறைச் சுவரில் புதுச்சேரி நகைக்கடை கொடுத்த தினசரி காலண்டர் தொங்கியது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கடைக்குக் கிளம்பியபோது, ராகுகாலம் ஆயிற்றே என்று நானே நின்றேன். பெரியம்மா சிரித்துக்கொண்டே, "இங்க விடியறதே எட்டே முக்காலுக்கு, ஏழரைக்கு எப்படிடி ராகுகாலம் வரும்?" என்றார். காலண்டரில் போட்டிருக்கும் நேரம் ஆறு மணிக்கு விடியும் ஊருக்கானது. பெரியம்மா அந்த வாரம் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் பார்த்து, பகலை எட்டாகப் பிரித்து, அன்றைய ராகுகாலத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். திங்களுக்கு ஒன்பதே முக்கால் முதல் பத்தே முக்கால் வரை. குளிர்காலத்துக்கு ஒரு கணக்கு, இரவு பத்து மணிக்குச் சூரியன் மறையும் ஜூன் மாதத்துக்கு ஒரு கணக்கு. ஐம்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் இப்படித்தான் நல்ல நேரம் பார்க்கிறார்கள். பெரியம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் நாடு அது, சந்தேகமே இல்லை. பேச்சுத் துணைக்கு முத்தியால்பேட்டையிலிருந்து யாராவது வரமாட்டார்களா என்று வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து பார்ப்பார்.

குடியுரிமையோடு போனாலும் இழப்பு இல்லாமல் இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் அண்ணன் இங்கே வந்து எத்தனை நாளும் தங்கலாம், வீடு வாங்கலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு வாங்கி வயதான காலத்தில் வந்து இருக்க வேண்டும் என்பது அவர் நெடுநாள் ஆசை. சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, தோப்பைப் பார்க்கப் போன இடத்திலேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்குப் பிரான்சு எந்த வழியில் திறக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுக்கும் வழியை இங்கே பலரும் சாதாரணமாகப் பேசுவார்கள். காகிதத்துக்காகச் செய்த கல்யாணங்கள் முறிந்ததை எங்கள் உறவிலேயே பார்த்திருக்கிறேன், அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. படிக்கப் போவது நேரான வழி. அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கு 2019 முதல் கட்டணம் உயர்த்தப்பட்டும், முதுகலைக்கு ஆண்டுக்கு 3,770 யூரோ என்றுதான் நிர்ணயித்தார்கள். நீங்கள் டிப்ளமோவோடு நிற்பதால் முதலில் இங்கே பி.இ. முடிக்க வேண்டியிருக்கும். மொழியையும் இன்றே தொடங்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர்களுக்கு 2026 ஜனவரி முதல் பிரெஞ்சு மொழியில் பி2 என்ற மேல் இடைநிலைத் தேர்ச்சி கட்டாயம். புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்சு பிரான்சேசு 1889 முதல் இருக்கிறது, மாலை வேலை முடிந்து போய்ப் படிப்பவர்கள் பலர். இது நான்கைந்து ஆண்டுப் பாதை. ஆனால் 26 வயதில் நான்கைந்து ஆண்டு உங்களிடம் இருக்கிறது.

உள்ளூரையும் ஒப்பீட்டில் சேருங்கள். அப்பாவுக்கு இதய நோய் வந்தபோது ஜிப்மரில்தான் பார்த்தோம். விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும், அது உண்மை. மாதச் சம்பளக்காரர் தாங்கக்கூடிய செலவில் அந்தத் தரத்தில் சிகிச்சை, கூடவே சாப்பாட்டுத் தூக்கோடு நிற்க மகள், இரண்டும் ஒரே இடத்தில் அவருக்குக் கிடைத்தது இங்கேதான்.

இப்போது உங்கள் ஏஜென்ட் விஷயம். எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் மாதம் 3,300 சிங்கப்பூர் வெள்ளி. அதற்குக் கீழே ஒரு தொகையைச் சொல்லி எஸ் பாஸ் என்றால் நம்ப வேண்டாம். உண்மையிலேயே எஸ் பாஸ் கிடைத்தாலும், குடும்பத்தை அழைக்க மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். 4 லட்சம் கேட்பவரின் பெயர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு பயணத்துக்கு முன்பே ஐ.பி.ஏ. என்ற முன் அனுமதிக் கடிதம் தருகிறது. எந்தப் பாஸ், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அது கைக்கு வந்து, நீங்கள் வரிக்கு வரி படித்து முடிக்கும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், இருக்கும் வேலையையும் விடாதீர்கள். கடிதத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு இந்தப் பதிலுக்குக் கீழேயே கேளுங்கள். என் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வாக இருப்பான், அவனிடம் காட்டி உங்களுக்குச் சொல்கிறேன்.