ஃப்ரெண்டோட முதல் நாவல், அட்டைப்படம் நான்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, என் நெருங்கின ஃப்ரெண்டு முதல் நாவல் எழுதி முடிச்சிட்டான், பப்ளிஷரும் ஓகே சொல்லியாச்சு. அட்டை நீதான் வரையணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நான் கதைகளுக்கு உள்படம் வரைஞ்சிருக்கேன், அட்டை இதுதான் முதல்தடவ. மூணு ஸ்கெட்ச் குடுத்தேன், மூணுக்கும் "சூப்பர்"ன்னான், ஆனா முகம் விழுந்துபோச்சு. கதாநாயகி, கப்பல், பழைய வீடு, மழை எல்லாமே படத்துல வரணுமாம். நட்பும் கெடாம படமும் கெடாம எப்படிக்கா முடிக்கிறது?

பதில்: அவன் முகம் விழுந்ததுக்கு உங்க கைய குறை சொல்லிக்காதீங்கம்மா. வருஷக்கணக்கா அந்தப் பொண்ணையும் கப்பலையும் மனசுக்குள்ள பாத்துப் பாத்து எழுதினவன், யாரு எத வரைஞ்சு நீட்டினாலும் "இது அவ இல்லையே"ன்னுதான் அவனுக்குத் தோணும். அவன் தலைக்குள்ள இருக்கிறத அப்படியே எடுத்து வைக்கப் பாத்தீங்கன்னா ஸ்கெட்ச் முப்பது ஆனாலும் முடியாது. அட்டைய பாக்கப்போறது கதைய இன்னும் படிக்காத ஒருத்தர், அவர மனசுல வச்சு வரைங்க.

ஒண்ணு கேக்கணும், நாவல முழுசா படிச்சீங்களா இல்ல அவன் சொன்ன கதைச்சுருக்கத்த வச்சு வரைஞ்சீங்களா? லெட்டர்ல அதப்பத்தி ஒரு வார்த்தையும் இல்ல. படிக்கலன்னா இன்னைக்கே கேட்டு வாங்குங்க. முதல் தடவ பென்சில தொடாம சும்மா வாசகியா படிங்க, ரெண்டாவது தடவ கண்ணுல ஒட்டிக்கிற பொருள், வெளிச்சம், இடம் எல்லாத்தையும் ஓரத்துல குறிச்சுக்கிட்டே போங்க.

நான் என் தோழியோட முதல் நாவலுக்கு வரைஞ்சப்போ இதே பாடுதான். அண்ணன் தம்பி சண்டையில ரெண்டாப்போன குடும்பத்து கதை, ரெண்டு பேரும் முதுகு காட்டி நிக்கிற மாதிரி வேணும்ங்கிறது அவ ஆசை, வரைஞ்சு பாத்தா சினிமா போஸ்டர் மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவ படிக்கிறப்பதான் ஒரு நாற்காலி கண்ணுல பட்டுச்சு, அப்பா உக்கார்ற மர நாற்காலி, ஒரு கால் உடைஞ்சு வேற மரத்துல கால் போட்டிருக்கும், மூணு கால் கருத்து தேஞ்சு பளபளன்னு இருக்க நாலாவது மட்டும் வெளுத்துப்போய் நிக்கும். மொத்த நாவல்ல அது ரெண்டே வரி. அந்த நாற்காலியோட கீழ்ப்பாதிய மட்டும் வெறுந்தரையில வரைஞ்சு, மேல பாதி அட்டைய தலைப்புக்கு காலியா விட்டேன். அவ ரொம்ப நேரம் பேசாம பாத்துட்டு, "இந்த ரெண்டு வரிய எழுதினதே எனக்கு மறந்துபோச்சுடி"ன்னா. ஆளு, வீடு, சண்டை எதுவுமே படத்துல இல்ல, அவளும் அதுக்கப்புறம் கேக்கல.

எழுத்தாளர்கள்ல இத நல்லா புரிஞ்சு வச்சிருந்தவர் காஃப்கா. மனுஷன் பூச்சியா மாறுற 'உருமாற்றம்' கதைய 1915ல புத்தகமா போடுறப்போ, அந்தப் பூச்சிய மட்டும் வரைய வேண்டாம், தூரத்துல இருந்துகூட காட்ட வேண்டாம்னு பதிப்பகத்துக்கு லெட்டர் எழுதினார். அட்டையில வந்தது, இருட்டான அறையோட கதவு திறந்துகிடக்க, ஒருத்தர் முகத்த கையால பொத்திக்கிட்டு விலகிப்போற படம். பூச்சிய வரைஞ்சிருந்தா இந்த பயம் வந்திருக்குமா சொல்லுங்க.

அதனால அவன்கிட்ட "என்னென்ன வரணும்"னு கேக்காதீங்க. "படிச்சு முடிச்சு புத்தகத்த மூடுறவங்க மனசுல எது தங்கணும்"னு கேளுங்க. அவன் மழைன்னு சொன்னா கப்பலும் வீடும் தானா வெளிய போயிடும். அடுத்து ஸ்கெட்ச் குடுக்கும்போது தபால்தலை அளவுக்கு சின்னதா போட்டுக்காட்டுங்க, ஆன்லைன்ல புத்தகம் வாங்குறவங்க அட்டைய முதல்ல அந்த சைஸ்லதான் பாக்குறாங்க, அதுல எது கண்ணுக்குத் தெரியுதோ அதுதான் உங்க படம். பப்ளிஷரையும் முதல் ஸ்கெட்ச்லயே சேத்துக்கோங்க, நீங்க ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு சந்தோஷப்பட்ட பிறகு அவர் வேண்டாம்னு சொன்னா மனசு ரொம்ப வலிக்கும்.

கேள்வி: ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு இருக்கிற படம் அச்சுல மங்கிப்போகுதே, ஏன்?

பதில்: ஸ்க்ரீன் வெளிச்சத்த கலந்து கலர் காட்டுது, அச்சுல நாலு மைய கலந்து கலர் வருது, அதனால பளிச்சுன்னு இருக்கிற நீலம், பச்சையெல்லாம் மையில அப்படியே வராது. ஆரம்பத்துல இருந்தே அந்த நாலு மைக்கான சி.எம்.ஒய்.கே. கலர் முறையில, 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) வரைங்க, படத்த நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலா நீட்டி வரைங்க, வெட்டுறப்போ ஓரத்துல வெள்ளை தெரியாது. சாம்பிள் பிரிண்ட் பாக்காம விடவே கூடாது. மேல சொன்ன நாற்காலிக்கு முதல் சாம்பிள் வந்தப்போ நாலு காலும் ஒரே பழுப்பு, எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, அந்த ஒரு காலுக்காகத்தானே மொத்தப் படமும், உக்காந்து அத இன்னும் ரெண்டு படி வெளுப்பாக்கி மறுபடி அனுப்பினேன். புத்தக முதுகோட அகலத்த பக்கம் முடிவாகாம குத்துமதிப்பா போடாதீங்க, 200 பக்கம்னா 100 தாள், ஒரு தாள் 0.1 மி.மீ. கனம்னா முதுகு 10 மி.மீ. வரும். பின்னட்டையில பார்கோடுக்கு இடம் விட மறந்துடாதீங்க.

கேள்வி: ஃப்ரெண்டுகிட்ட காசு வாங்கலாமா?

பதில்: தாராளமா. அட்டைக்கு பப்ளிஷர் குடுக்கிறாரான்னு முதல்ல கேளுங்க. அன்பளிப்பா வரையறீங்கன்னாலும் அத ஆரம்பத்துலயே வாய்விட்டு சொல்லிடுங்க, எத்தன தடவ மாத்திக்குடுப்பீங்க, ஒரிஜினல் படம் யார்கிட்ட இருக்கும், போஸ்டருக்கு எடுத்துக்கலாமா, எல்லாத்தையும் ஒரு மெயில்ல எழுதி அனுப்பிடுங்க. உள்பக்கத்துல "அட்டை ஓவியம்"னு உங்க பேர் வரணும், அத கேக்க கூச்சமே வேண்டாம். கடைசி ஃபைல் அனுப்புறதுக்கு முன்னாடி தலைப்பையும் எழுத்தாளர் பேரையும் ஃப்ரெண்டையே ஒரு தடவ சத்தமா எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்க.