வலிப்பை அடியோடு நிறுத்தும் புது மருந்து வந்துவிட்டதாமே, உண்மையா?

ஒரே மாத்திரையில் எல்லோருக்கும் நிறுத்தும் மருந்து எதுவும் வரவில்லை. சிலருக்கு நன்றாக வேலை செய்யும் புது மருந்துகள் வந்திருக்கின்றன. இதோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் இரண்டு வரியில் எழுந்து போக முடியவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்கோ வலிப்பு இருக்கிறது. இரண்டு மூன்று மாத்திரை மாற்றியும் நிற்கவில்லை. யாரோ ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். என் ஊகம் தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் முதல் மாத்திரையிலேயே நின்றுபோனவர்கள் வீட்டில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அம்மா பல வருஷம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். நோயாளி நான்.

நான் டாக்டர் இல்லை. "எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்" என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்கள் சிரமப்பட வேண்டாம். படித்தது வணிகவியல். எனக்கு நடந்ததையும், என் தலைக்குள் நடந்ததால் தேடித்தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்த செய்தி அநேகமாக செனோபமேட் பற்றியதாக இருக்கும். 2019 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்கானது. மற்ற மருந்துகளுக்கு அடங்காதவர்களிடம் சோதித்ததில், அதிக டோஸ் எடுத்தவர்களில் 21% பேருக்கு 12 வார காலத்தில் ஒரு வலிப்புகூட வரவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 1% பேருக்குத்தான் அப்படி. இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் 12 வாரம் என்பதைக் கவனியுங்கள். மீதி 79% பேரையும் கவனியுங்கள். ஆரம்பச் சோதனைகளில் டோஸை வேகமாக ஏற்றியபோது சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடுமையான ஒவ்வாமை வந்தது. அதனால் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுகிறார்கள்.

2018ல் வந்த கன்னாபிடியால், 2020ல் வந்த ஃபென்ஃபுளூரமின் இரண்டும் டிராவே, லெனாக்ஸ்-காஸ்டாட் மாதிரியான குழந்தைப் பருவக் கடும் வலிப்பு நோய்களுக்கானவை. இதில் ஃபென்ஃபுளூரமின் கதை வேடிக்கையானது. எடை குறைக்கும் மாத்திரையாக விற்று, இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997ல் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. குறைந்த டோஸில், இதயத்தை ஸ்கேன் செய்து கண்காணித்தபடி இப்போது குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

இனி என் ஆற்றாமைக்கு வருகிறேன்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், புதிதாக வலிப்பு கண்டவர்களை முதல் மாத்திரையிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். 2000ல் வந்த முதல் கட்டுரையில், வலிப்பு நின்றவர்கள் 64%. அதையே நீட்டித்து 1,795 பேரை வைத்து 2018ல் வெளியிட்டார்கள். இடையில் எத்தனையோ புது மருந்துகள் வந்திருந்தும் மறுபடி ஏறக்குறைய அதே 64%. முதல் மருந்தில் பாதிப் பேருக்கு நிற்கிறது. இரண்டாவது மருந்து அதோடு சேர்ப்பது 11.6%. மூன்றாவது சேர்ப்பது 4.4%. அதற்கு மேல் ஒவ்வொரு புது மாத்திரையும் தரும் வாய்ப்பு மிகச் சொற்பம்.

சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010லேயே இதற்கு ஓர் எல்லை வகுத்துவிட்டது. பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. அந்த இடத்தில் நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். இது வலிப்புதானா, எந்த வகை, மூளையில் எங்கே தொடங்குகிறது, அந்த இடத்தை எடுத்துவிட முடியுமா? இரண்டு மருந்து. எனக்கு ஐந்தாவது மருந்து எழுதிக் கொடுத்த அன்றும் இதில் ஒரு கேள்வியைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை.

எனக்குக் கல்லூரிக் காலத்தில் தொடங்கியது. கீழே விழுந்து கைகால் இழுக்கும் வகை அபூர்வமாகத்தான் வரும். அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், இதெல்லாம் ஏற்கனவே நடந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பார்த்தவர்கள் சொன்னது: முழித்தபடி இருப்பேன், கூப்பிட்டால் பதில் வராது, வாய் எதையோ மெல்லும், கை துப்பட்டாவைக் கசக்கிக்கொண்டிருக்கும். ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். அதன் பிறகும் கொஞ்ச நேரத்துக்கு வார்த்தை வராது.

ஒவ்வொரு முறை போகும்போதும் டோஸ் ஏறும். ஒரு மாத்திரையில் நாளெல்லாம் தூக்கம். லெவெடிரசிட்டம் போட்ட காலத்தில் வலிப்பைவிட என் கோபத்துக்குத்தான் வீடு அதிகம் பயந்தது (எல்லோருக்கும் அப்படி ஆகாது. நிறையப் பேருக்கு அது நல்ல மருந்து, பயந்து நிறுத்திவிடாதீர்கள்). அம்மா ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஸ்கேன் ஏதாவது மறுபடி எடுக்கணுமா டாக்டர்?" என்று கேட்பார். "அதான் நார்மல்னு வந்திருக்கேம்மா" என்று பதில் வரும். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுவார்.

ஒருநாள் பெரிய டாக்டர் விடுப்பில் இருந்தார். பயிற்சியில் இருந்த ஒரு பெண் டாக்டர் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தார். நிஜமாகவே படித்தார். "வீடியோ ஈ.ஈ.ஜி. எடுக்கவே இல்லையா?" என்றார். எம்.ஆர்.ஐ.யையும், வலிப்புக்கென்று மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் முறையில் மறுபடி எடுக்கச் சொன்னார். எடுத்ததில், நினைவாற்றலுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் இடப்பக்கத்தில் சுருங்கித் தழும்பேறி இருந்தது. அதன் பிறகு அந்த நார்மல் ஸ்கேனைத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தவர், இதிலேயே சந்தேகம் வருகிறது என்றார். அன்று அம்மா அழுததற்கு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எண் கிடையாது.

வீடியோ ஈ.ஈ.ஜி. என்றால் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யத் தலை முழுக்க ஒயர் ஒட்டி, கேமரா முன்னால் படுக்க வைத்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பது. எனக்கு வலிப்பு வரவேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். என் வலிப்பை நான் முதலில் பார்த்ததும் அந்தப் பதிவில்தான். "உங்க பேர் என்ன?" என்று நர்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நான் போர்வையின் ஓரத்தை வெகு அக்கறையாக மடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு நினைவாற்றல் சோதனை, பேச்சுப் பகுதி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன், டாக்டர்கள் கூடிப் பேசுவது எல்லாம் முடிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நினைவு தப்பும் வலிப்பு எனக்கு வரவில்லை. மாத்திரை இன்னும் உண்டு, முன்பைவிடக் குறைவாக. இடப்பக்கம் என்பதால் ஆட்களின் பெயரும் பொருள்களின் பெயரும் சில சமயம் சிக்காமல் நழுவும். இதை முன்பே எச்சரித்திருந்தார்கள், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

"அறுவை சிகிச்சைக்கு விளம்பரம் செய்கிறாள்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு: எல்லோருக்கும் பொருந்தாது. வலிப்பு மூளையின் இரண்டு பக்கமும் தொடங்கினாலோ, எடுக்கக் கூடாத இடத்தில் தொடங்கினாலோ வெட்ட மாட்டார்கள். ஆனால் 2001ல் கனடாவிலிருந்து வெளியான ஆய்வில், டெம்பொரல் லோப் (மூளையின் பக்கவாட்டு மடல்) வலிப்புள்ள 80 பேரை இரு குழுவாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வருஷத்தில், நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 58%, மாத்திரைக் குழுவில் 8%. மருந்துக்கு அடங்காத 116 குழந்தைகளிடம் செய்து 2017ல் டெல்லி எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வில், வலிப்பே இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 77%, மாத்திரைக் குழுவில் 7%. இந்த வித்தியாசத்தைக் காட்டும் ஒரு மாத்திரை வந்திருந்தால் உலகம் முழுக்கக் கூவியிருப்பார்கள்.

காத்திருந்தால் என்ன என்று கேட்காதீர்கள். வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் எதிர்பாராமல், பெரும்பாலும் தூக்கத்தில், இறந்துபோகிறார். கைகால் இழுக்கும் வலிப்பு அடங்காமல் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். இதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

படிப்பது என்றதும் இன்னொரு எரிச்சல் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் சுருக்கம் மட்டும் தெரியும், மீதிக்குப் பணம் கட்டு என்று வரும். நோயாளிகள் தங்கள் உடம்பைக் கொடுத்து நடந்த ஆய்வு, பலவற்றுக்கு அரசுப் பணம், கட்டுரையைச் சரிபார்த்த நிபுணர்களுக்கு வழக்கமாகக் கூலியும் கிடையாது. ஆனால் நோயாளி படிக்க வந்தால் வாசலில் உண்டியல். நான் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியபோதெல்லாம், எழுதிய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இலவசமாகவே அனுப்பிவைத்தார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

சரி. புதியது என்று எதைப் பார்க்கலாம் என்றால், எனக்கு மருந்தைவிடக் கண்டுபிடிக்கும் கருவிகள் மேல்தான் ஆசை. எம்.ஆர்.ஐ.யில் கண்ணுக்குத் தப்பும் நுண்ணிய மூளைப்புறணிக் குறைபாடுகளைத் தேடும் மெல்ட் கிராஃப் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி பற்றி 2025ல் கட்டுரை வந்தது. மருத்துவர்கள் தவறவிட்டவற்றில் 64%ஐ அது பிடித்ததாம். மண்டையோட்டைத் திறக்காமல் சிறு துளை வழியாக லேசர் விட்டுச் சுடும் முறை இருக்கிறது. வலிப்பு கிளம்புவதை உணர்ந்து உடனே மின்துடிப்பு கொடுக்கும் கருவியை மூளையில் பொருத்துகிறார்கள், அமெரிக்காவில் 2013லிருந்தே. வலிப்பை அடக்கும் நரம்பணுக்களை வளர்த்து மூளைக்குள் செலுத்தும் சோதனையும் நடக்கிறது. அதற்குள் யாராவது "குணமாகிவிட்டது" என்று தலைப்புப் போட்டால் நம்பாதீர்கள்.

உங்கள் வீட்டு நோயாளிக்கு அடுத்த முறை வலிப்பு வரும்போது போனில் வீடியோ எடுங்கள். முகமும் இரண்டு கையும் தெரிய வேண்டும். அதை டாக்டரிடம் காட்டி, "அறுவை சிகிச்சைக்குத் தகுதியா என்று பார்க்கும் மையத்துக்கு அனுப்ப முடியுமா, முடியாதென்றால் ஏன்?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வேறு நியூராலஜிஸ்ட்டிடம் போங்கள். ஆனால் நான் எழுதியதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரக்கூடும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் வீடியோவை விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.