ஆமை காப்பாற்றப் போகிறேன் என்கிற மகனுக்கு வழி என்ன?

யாழ்ப்பாணம் குருநகர்த் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகன் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறான். இங்கிலாந்தில் தங்கூசி (மீன்பிடி நைலான் நூல்) சுற்றின சீல்களை, அதாவது கடல்நாய்களைக், காப்பாற்றுகிறவர்களை வீடியோவில் பார்த்த நாள் முதல் படிப்பில் மனமில்லை. இதுவும் ஒரு வேலையா?"

அம்மா, அது வேலை இல்லை. சம்பளமில்லாத தொண்டு. ஆனாலும் பிள்ளையின் ஆசையை வெட்டிவிடாதீர்கள். 1988இல் தொடங்கிய பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்கியூ என்கிற கடலுயிர் மீட்புத் தொண்டு நிறுவனம் தன் தொண்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கிறது. பாடம் முடிந்ததும் தண்ணீர் நிரப்பிய பொம்மைத் திமிங்கிலத்தை வைத்துப் பழக்குகிறார்கள். முக்கியமான பாடமே ஓடிப்போய்ப் பிடிக்காதே என்பதுதான். துரத்தினால் சீல் வலையோடு கடலில் இறங்கிவிடும். தொங்குகிற நுனியை மட்டும் வெட்டினால் கழுத்துச் சுருக்கு அப்படியே இருக்கும். குட்டி வளர வளர அது சதைக்குள் இறங்கும். கடிபட்டால் விரலில் பொல்லாத தொற்று வரும். இந்த நிதானம் பழகிய பிள்ளை எந்தத் துறைக்குப் போனாலும் நன்றாக வரும்.

எங்கள் கடலில் சீல் இல்லை, ஆமை இருக்கிறது. மூச்செடுக்க மேலே வரவேண்டிய உயிர். வலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். மகனின் அப்பா கடற்தொழில் செய்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பயிற்சியை உங்கள் படகிலேயே தொடங்கலாம். வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் போடக்கூடாது. வயிறு கீழே இருக்கப் படுக்கவைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் அளவு உயர்த்தி, ஈரச்சாக்கு போட்டு நிழலில் வைக்கவேண்டும், மூக்கை மூடக்கூடாது. சிலது தெளிய 24 மணித்தியாலம் வரை எடுக்கும். இதை மகனே அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கரையில் காயப்பட்ட ஆமையைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கிவரக் கூடாது, அது சட்டப்படி குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்கிற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கவேண்டும்.

சரி, பிழைப்புக்கு? காயத்துக்கு மருந்து போடுவதுதான் அவனுக்குப் பிடிக்கிறதென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம். நாட்டில் அதற்கென்று பீடம் அங்கே மட்டும்தான், இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் புள்ளி) நன்றாக வேண்டும். கடலும் மீனும்தான் மனதில் என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல், அல்லது மாத்தறையில் உறுகுணைப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் பீடம். நாரா என்கிற அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவனம், வனசீவராசிகள் திணைக்களம், கடற்றொழில் திணைக்களம் என்று பிறகு வழிகள் உண்டு.

எல்லாவற்றுக்கும் இரசாயனவியல் வேண்டும். அதை மட்டும் கோபப்படாமல் அவனிடம் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்கு இப்போது பணம் கட்டவேண்டாம், பரீட்சை முடியட்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு கரைக்கு அனுப்புங்கள்.