பன்னிரண்டாவது டிரிக் எங்கே போனது?

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 6 நோ டிரம்ப் ஆடினேன் (துருப்பு இல்லாமல், 13 டிரிக்கில், அதாவது 13 சுற்றில், 12 பிடிப்பதாக ஏலம்). டம்மியில் (மேசையில் விரித்து வைத்த என் ஜோடியின் கையில்) ஸ்பேடு ஆஸ், ஜாக்கி, 3. ஆர்ட்டின் 7, 4. என் கையில் ஸ்பேடு 5, 4. ஆர்ட்டின் ஆஸ், 10, 5. டைமனில் 5, கிளாவரில் 4 டிரிக் நிச்சயம். மேற்கில் இருந்தவர் ஆர்ட்டின் ராஜாவை இறக்கினார். ஆஸால் பிடித்தேன். கடைசியில் 11 டிரிக்தான் கிடைத்தது. “ஸ்குவீஸைக் கோட்டை விட்டீர்கள்” என்கிறார் என் ஜோடி. எதிராளி தனக்கு வேண்டிய சீட்டையே கழிக்கும்படி நெருக்குவதைத்தான் சொல்கிறார். எங்கே விட்டேன்?
– வாசகர், திருச்சி

பதில்: முதல் சீட்டிலேயே! அந்த ராஜாவைப் பிடித்திருக்கக் கூடாது. 5-ஐப் போட்டுச் சும்மா விட்டிருக்க வேண்டும். இப்படி 12 டிரிக் தேவைப்படும் ஸ்லாம் ஆட்டத்தில் முதல் டிரிக்கையே தானம் செய்வதா என்று கை நடுங்கும். நானும் பல வருடம் ஆஸைக் கண்டால் உடனே பிடிக்கிற கோஷ்டிதான்.

கணக்கைப் பாருங்கள். உங்களிடம் 11 டிரிக் இருக்கிறது, தேவை 12. எப்படியும் ஒன்று எதிராளிக்குப் போகத்தான் போகிறது. அதை முதலிலேயே கொடுத்துவிட்டால், அவர் கையில் வேண்டாத சீட்டு ஒன்று குறையும். ஸ்குவீஸின் சூட்சுமமே அதுதான். கழிப்பதற்கென்று உதவாத சீட்டு ஒன்று கையில் இருக்கும்வரை யாரையும் நெருக்க முடியாது.

சரி, ராஜாவை விட்டாயிற்று. அடுத்து அவர் ராணியைப் போட, ஆஸால் பிடிக்கிறீர்கள். (அங்கே அவர் ஸ்பேடுக்குத் தாவியிருந்தால் கதை வேறு.) டைமன் ஐந்தையும் ஆடுங்கள், ஐந்தாவதில் உங்கள் ஸ்பேடு 4-ஐக் கழித்துவிடுங்கள். கிளாவரில் மூன்று ஆடியதும் எல்லோரிடமும் மும்மூன்று சீட்டு. டம்மியில் ஸ்பேடு ஆஸ், ஜாக்கி, 3. உங்களிடம் ஸ்பேடு 5, ஆர்ட்டின் 10, கடைசிக் கிளாவர். மேற்கிடம் ஸ்பேடு ராஜா, ராணி, ஆர்ட்டின் ஜாக்கி.

இப்போது அந்தக் கிளாவரை இறக்குங்கள். மேற்கு எதைக் கழிப்பார்? ஆர்ட்டின் ஜாக்கியைப் போட்டால் உங்கள் 10 எழுந்துவிடும். ஸ்பேடில் ஒன்றை விட்டால், டம்மி ஆஸ் மற்றதை வாங்கிக்கொள்ளும், ஜாக்கி கடைசி டிரிக். டம்மியிலிருந்து நீங்கள் கழிப்பது உதவாத 3. ஸ்பேடு ராஜாவும் ராணியும் ஆர்ட்டின் ஜாக்கியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மேற்குக்குப் பதில் கிழக்கிடம் இருந்தாலும் இந்த அமைப்பு பலிக்கும்.

ஒன்றே ஒன்று. எதிராளி கழிப்பதில் கண் இருக்க வேண்டும். எல்லாச் சீட்டையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. ஆர்ட்டின் ஜாக்கி விழுந்ததா என்று மட்டும் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே மாதிரி அமைப்பில், டீ கிளாஸை நகர்த்தும் நேரத்தில் அந்த ஜாக்கி விழுந்ததை நான் பார்க்கவில்லை. ஸ்பேடு ஆஸை ஆடிவிட்டு ஸ்பேடு ஜாக்கியை நம்பினேன். ராஜா வந்து தின்றது; என் 10 கையிலேயே பாழ். என் ஜோடி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கேள்வி: வயது 58. இனிமேல் பிரிட்ஜ் கற்க முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியபோது பிரணாப் பர்தனுக்கு 60 வயது, ஜோடியான சிப்நாத் தே சர்க்காருக்கு 56. வீட்டில் 28 என்ற சீட்டாட்டம் ஆடிய பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் சில மாதம் மேலே சொன்ன ஸ்குவீஸ் பக்கம் போகாதீர்கள். இறங்கிய துருப்பு எத்தனை என்று எண்ணிக்கொண்டே ஆடிப் பழகுங்கள்.