ஸ்பெக்ட்ரம் கணினியோடு வந்த பழைய டேப் ரெக்கார்டர்: சரிசெய்வதா, வேறு வாங்குவதா?

கேள்வி சுருக்கமாக: குளச்சல் வீட்டுப் பரணில் ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் (கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்றிக்கொள்ளும் 1980களின் வீட்டுக் கணினி), கூடவே வளைகுடாவிலிருந்து வந்த மோனோ டேப் ரெக்கார்டர். பிளே அழுத்தினால் மோட்டார் சத்தம் மட்டும் வருகிறது, கேசட் சுற்றவில்லை. உள்ளே பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் பேண்ட் மாட்டினால் பாட்டு பாடுகிறது, ஆனால் கணினி ‘டேப் லோடிங் எரர்’ என்று நிற்கிறது. பேசாமல் புதிது வாங்கிவிடலாமா?

வாங்க வேண்டாம். இன்று புதிதாக விற்கும் யுஎஸ்பி கேசட் பிளேயர்களில் பெரும்பாலும் மலிவான இயந்திரப் பகுதிதான் இருக்கிறது. வேகத்தைச் சீராக வைக்கும் சக்கரமான ஃப்ளைவீல் லேசானது, வேகம் அலைபாயும். உங்களிடம் இருப்பது அதைவிட நல்ல பொருள்.

பாட்டு பாடுவதை வைத்து ரெக்கார்டர் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. காது எவ்வளவோ பொறுத்துக்கொள்ளும். ஸ்பெக்ட்ரம் கேட்பது பாட்டை அல்ல, துடிப்புகளின் நீளத்தை. 0 என்ற பிட்டுக்கு ஏறக்குறைய 244 மைக்ரோ விநாடித் துடிப்பு இரண்டு, 1 என்றால் 489 மைக்ரோ விநாடித் துடிப்பு இரண்டு. வேகம் மொத்தமாகச் சில சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் அது சமாளித்துவிடும். சட்டென்று ஏறி இறங்கினாலோ, கூர்மையான ஒலி மங்கினாலோதான் தகராறு. ரப்பர் பேண்ட் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்திருக்கும். தடித்த இடம் புல்லியில் (பெல்ட் ஓடும் குழிச் சக்கரம்) ஏறும்போதெல்லாம் வேகம் மாறும்.

முதல் வேலை பெல்ட், அதாவது மோட்டாரின் சுழற்சியை ஃப்ளைவீலுக்குக் கடத்தும் ரப்பர் வளையம். பழையது பெரும்பாலும் தார் போல உருகி மோட்டார் புல்லியிலும் ஃப்ளைவீலிலும் அப்பியிருக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், விரலில் ஒட்டினால் லேசில் போகாது. மொபைல் ரிப்பேர் கடைகளில் விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது துடைக்கும் பஞ்சு இயர்பட்ஸில் நனைத்துத் துடையுங்கள். புல்லியின் குழிக்குள் பல்குத்தும் குச்சியை விட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு பொட்டு மிஞ்சினாலும் புது பெல்ட் அதில் ஏறி இறங்கும்.

அளவெடுக்க, பெல்ட் போகும் பாதை முழுவதும் தையல் நூலைச் சுற்றி, நூலின் நீளத்தைப் பாருங்கள். புது பெல்ட்டின் உள்சுற்றளவு அதைவிட 5 சதவீதம் குறைவாக இருக்கட்டும். நூல் 220 மி.மீ. வந்தால் 209 அல்லது 210 மி.மீ. பெல்ட். சின்ன ரெக்கார்டர்களில் சாதாரணமாக 1.2 மி.மீ. சதுர பெல்ட்தான் இருக்கும், ஆனாலும் புல்லிக் குழியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இறுக்கம் கூடினால் மோட்டார் திணறும், பேரிங்கும் தேயும். தளர்ந்தால் வழுக்கும். கலப்பு அளவு பெல்ட்டுகள் பொட்டலமாக ஆன்லைனில் கிடைக்கின்றன. நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற கடைத்தெரு நமக்குப் பக்கம்.

டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் மெல்லிய கேப்ஸ்டன் தண்டையும் அதே ஆல்கஹாலால் துடையுங்கள். டேப்பைத் தண்டோடு சேர்த்து அழுத்தும் பிஞ்ச் ரோலர் ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். ரோலர் கண்ணாடி போல் பளபளத்தால் இறுகிவிட்டது என்று பொருள். மாற்றுவதே மேல்.

அடுத்தது நம் ஊர்க் காற்று செய்யும் வேலை. ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டும் வாங்கும் ஊர், போதாததற்கு உப்புக்காற்று. ரெக்கார்டு–பிளே மாற்றும் நீளமான ஸ்லைடு ஸ்விட்ச் உள்ளே கறுத்திருக்கும். ஒலி ஒருசமயம் வந்து ஒருசமயம் போனால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, கேசட் இல்லாமல், கேசட் அறையின் பின்மூலையில் இருக்கும் சின்ன நெம்பை விரலால் தள்ளிப் பிடித்தபடி (இல்லாவிட்டால் பட்டன் இறங்காது) ரெக்கார்டு பட்டனை இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்கள். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். ஒலி மொத்தமாகவே கம்மியாக இருந்தால் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை மாற்றுங்கள். மைக்ரோஃபேரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி வகை.

கேசட் ஜன்னல் வழியே டேப் சுருளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதை ரெக்கார்டரில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து உலர்த்தி, பிறகு உலர்ந்த மெல்லிய துணிக்கிடையே மெதுவாகச் சுற்றி எடுங்கள். முகக்கவசம் அவசியம். ஹெட்டை நோக்கி டேப்பை அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டையும் பாருங்கள், பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். திருகு போட்ட பழைய பாட்டுக் கேசட் ஒன்றைக் கழற்றி, அதன் கூட்டுக்குள் உங்கள் டேப்பை மாற்றினால் தீர்ந்தது.

எல்லாம் செய்த பிறகும் எரர் வந்தால் அசிமத்தான், அதாவது டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணம்தான், காரணமாக இருக்கும். பிளே நிலையில் ஹெட்டின் பக்கவாட்டில், ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த சின்னத் திருகு தெரியும். புரோகிராம் கேசட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கரில் அந்தக் கரகரப்பு மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்துக்குத் திருகுங்கள். ஆரம்பத்தில் வரும் ஒரே சீரான பைலட் ஒலியை வைத்துத் திருகாதீர்கள். அது ஏறக்குறைய 807 ஹெர்ட்ஸ்தான், வித்தியாசம் காதுக்குப் பிடிபடாது. பின்னால் வரும் டேட்டா பகுதியைக் கேளுங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. ஒவ்வொரு கேசட்டும் ஒவ்வொரு ரெக்கார்டரில் பதிந்ததாக இருக்கலாம், அதனால் உடனே நெயில் பாலிஷ் வைத்துத் திருகைப் பூட்டிவிட வேண்டாம்.

அந்த 807 ஹெர்ட்ஸுக்கு வேறு பயன் உண்டு. மொபைலில், ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ‘ஸ்பெக்ட்ரம் அனலைசர்’ செயலி ஒன்றைத் திறந்து ஸ்பீக்கர் பக்கம் வையுங்கள். கடையில் விற்ற ஒரிஜினல் கேசட்டுகள் இரண்டு மூன்றிலும் 770 என்றே காட்டினால் ரெக்கார்டர் மெதுவாக ஓடுகிறது. பல மோட்டார்களின் பின்புறத் துளைக்குள் வேகத்தைச் சரிசெய்யும் டிரிம்பாட் என்ற சின்னத் திருகு இருக்கும், மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்புங்கள்.

டிவி திரையில் படத்தைச் சுற்றியிருக்கும் ஓரப் பட்டையான பார்டரையும் கவனியுங்கள். பைலட் ஒலியில் சிவப்பும் சயானும் மாறி மாறி ஒரே தடிமனில் பட்டைகளாக வர வேண்டும். தடித்து மெலிந்து வந்தால் குற்றம் பெல்ட்டிலோ ரோலரிலோ. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எரர் என்றால் அந்த இடத்தில் டேப் கெட்டிருக்கிறது. வெவ்வேறு இடத்தில் என்றால் குற்றம் ரெக்கார்டரில். வால்யூமை முக்காலில் தொடங்குங்கள், டோன் இருந்தால் ட்ரெபிள் முழுக்க.

கேசட் ஓடியதும் முதல் வேலையாகக் கணினியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பாக. எம்பி3 வேண்டாம். ஸ்டீரியோ ரெக்கார்டரில் பதிந்தால் ஒரு சேனலை மட்டும் எடுங்கள். இரண்டையும் கலந்தால், அசிமத் கொஞ்சம் விலகியிருந்தாலே கூர்மையான ஒலி ஒன்றையொன்று அடித்துவிடும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லை, விளையாடினால் போதும் என்றால் ரெக்கார்டரே தேவையில்லை. கேசட்டின் உள்ளடக்கத்தைக் கோப்பாக்கி வைத்த டிஏபி (TAP), டிஇசட்எக்ஸ் (TZX) கோப்புகளை ஒலியாக வாசிக்கும் மொபைல் செயலிகள் உண்டு. அர்டுயினோ நானோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகையும் எஸ்டி கார்டு மாட்யூலும் வைத்துச் செய்யும் டிஇசட்எக்ஸ்டுயினோ என்ற கருவியும் உண்டு. மொபைலில் வால்யூம் முழுக்க வைத்தாலும் சில ஸ்பெக்ட்ரத்துக்குப் போதாது, நடுவே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்கும். நோட்டிஃபிகேஷன் சத்தத்தை அணைத்து வையுங்கள், லோடு ஆகும்போது ஒரு வாட்ஸ்அப் மணி அடித்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

ரெக்கார்டரில் சேவ் செய்யும்போது மைக் ஒயரை மட்டும் செருகி, இயர் ஒயரைக் கழற்றி விடுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் சிக்னல் சுற்றிவந்து பதிவையே கெடுத்துவிடலாம்.