சந்தா கட்டாட்டி வோட்டு இல்லையாம்!

கேள்வி: அக்கா, நான் திருகோணமலையில ஒரு சின்ன லூத்தரன் சபையில பொருளாளரா இருக்கிறன். மொத்தமே முப்பத்தெட்டுக் குடும்பம். போதகர் மலையகத்தில இருந்து மாசத்துக்கு ரெண்டு தரம் பஸ்ஸில வந்து ஆராதனை நடத்திட்டுப் போவார். வாற வருசாந்தக் கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வந்திருக்கு. குடும்பத்துக்கு மாசம் 1000 ரூபா சந்தா, ஆறு மாசம் நிலுவை எண்டா கூட்டத்தில வோட்டுப் போடேலாது, நிலுவைப் பட்டியல நோட்டீஸ் போர்டில ஒட்டுறது. பிரேரிச்சது வேற ஆருமில்ல, என்ட அத்தான், அக்காட மனுசன். பட்டியல் ஒட்டினா முதல் பேர் திருக்கடலூர் பக்கம் இருக்கிற ஒரு விதவை அக்காடதான் வரும். 2022க்குப் பிறகு அவ ஒரு சதமும் கட்டேல்ல, ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சேர்ச்சக் கூட்டித் துடைக்கிறது அவதான். இதுக்குள்ள கனடாவில இருக்கிற எங்கட சபை ஆள் ஒருத்தர், கூரை மாத்த 5 லட்சம் தாறன், ஆனா அப்பாட பேர்ல ஒரு கல்லு வைக்கோணும், பட்டியலும் ஒட்டோணும், இல்லாட்டி தரமாட்டன் எண்டு வொய்ஸ் அனுப்பியிருக்கிறார். எதிர்த்தா வீட்டில கொழுவல், பேசாம இருந்தா மனச்சாட்சி விடுதில்ல. நான் என்ன செய்ய?
ஒரு பொருளாளர், திருகோணமலை

பதில்: அன்புத் தங்கச்சி, உங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். ரெண்டாந்தரம் வாசிக்கேக்க எனக்கு என்ட அம்மாட முந்தானை முடிச்சுத்தான் ஞாபகம் வந்தது, அதச் சொல்லிட்டு உங்கட விசயத்துக்கு வாறன்.

எனக்கு அப்ப பத்து வயசிருக்கும். எங்கட சேர்ச்சில (எது எண்டு கேக்காதேங்கோ, லூத்தரன் இல்ல, அவ்வளவுதான் சொல்லுவன்) அறிவித்தல் நேரத்தில செயலாளர் எழும்பி நிலுவைக்காரர பேர் பேரா வாசிப்பார். ஒரு ஞாயிறு எங்கட அப்பாட பேர் வந்தது, ஏழு ரூபா ஐம்பது சதம். வாங்கில என்ட பக்கத்தில இருந்த அம்மா, காணிக்கைப் பையில போடுறதுக்கு எண்டு முந்தானை முடிச்ச அவிழ்த்து ரெண்டு ரூபாத் தாள கையில பிடிச்சிருந்தவ, அதத் திரும்ப மடிச்சு முந்தானையில வச்சு முடிஞ்சா. இறுக்கி முடிஞ்சா. பை வரேக்க தலைய நிமித்தேல்ல. பிறகு நாலு மாசம் நாங்க சேர்ச்சுப் பக்கமே போகேல்ல. அந்த ஏழரை ரூபா அவங்களுக்கு வந்ததா எண்டா வரேல்ல, கைக்கு வந்திருக்க வேண்டிய ரெண்டு ரூபாவும் போச்சு. பட்டியல் வாசிச்சா காசு வரும் எண்டு உங்கட அத்தான் நினைக்கிறார் எண்டா, வராது எண்டு நான் கண்ணால பாத்தனான்.

சரி. அந்தப் பிரேரணையில மூண்டு விசயத்த ஒரே கயித்தில கட்டி வச்சிருக்கிறாங்கள், அதாலதான் உங்களுக்குத் தலை சுத்துது. முதல்ல அத அவிழ்த்துப் போடுங்கோ, ஏனெண்டா சந்தா விசயத்தில அத்தான் சொல்லுறது சரி. கோவிக்காதேங்கோ. 2022ல டொலர் இருநூறில இருந்து முந்நூற்றறுபது மட்டும் ரெண்டு மூண்டு மாசத்தில ஏறினது, கரண்ட் பில், பஸ் டிக்கெட், போதகருக்கு மத்தியானம் ஒரு சாப்பாடு, எல்லாம் ஏறிட்டுது, ஆனா கவரத் திறந்தா உள்ளுக்க இருக்கிறது அதே நூறு ரூபாத் தாள்தானே? பொருளாளர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா. நிலாவெளி ஹோட்டல்ல பிள்ளைட பிறந்தநாள் வைக்கிற வீட்டில இருந்து வாற கவருக்குள்ளயும் நூறு ரூபா. கஷ்டப்பட்ட சனத்தக் காட்டி வசதியான சனம் ஒளிச்சுக்கொள்ளுறது எல்லாச் சபையிலயும் நடக்கிறதுதான், அத அத்தான் பிடிச்சுக் கேக்கிறார் எண்டா கேக்கட்டும். ஆயிரம் எண்டு ஒரு தொகைய வழிகாட்டியா வைக்கிறதில பிழையே இல்ல. கட்டாயமாக்காதேங்கோ. பவுல் கொரிந்தியருக்கு எழுதினது உங்களுக்குப் பாடமாயிருக்கும், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே. அந்த "நியமித்தபடியே"ய ஆரும் கவனிக்கிறேல்ல. கையில கிடைச்சதப் போடுறது வேற, வருசத் துவக்கத்தில வீட்டில இருந்து யோசிச்சு இவ்வளவு எண்டு முடிவெடுக்கிறது வேற. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னத் துண்டு குடுங்கோ, தாங்கள் ஏலுமான தொகைய எழுதி ஒட்டித் தரட்டும், அத நீங்கள் மட்டும் பாருங்கோ. ஆயிரம் எழுதுற வீடும் இருக்கும், ஐயாயிரம் எழுதுற வீடும் இருக்கும், ஐம்பது எழுதுற வீடும் இருக்கும், ஐம்பது எழுதின வீடு நிலுவையில்லாமக் கட்டி முடிக்கும் பாருங்கோ.

வோட்டு விசயத்துக்குத்தான் நான் விடமாட்டன். ஒராள் சபைக்கு அங்கத்தவர் ஆகிறது ஞானஸ்நானத்தால, திருவிருந்துக்கு வாறதால. ரசீதால இல்ல. காசு குடுத்து வாங்கேலாத ஒண்டுக்கு விலை போட்டாங்கள் எண்டுதானே 1517ல உங்கட சபைக்குப் பேர் வரக் காரணமான மார்ட்டின் லூத்தரே சண்டையத் தொடங்கினவர்? அப்ப அவர் எழுதின 95 வசனத்தில 45ஆவதப் பாருங்கோ, தேவையில நிக்கிறவனக் கண்டும் காணாமப் போய் பாவமன்னிப்புச் சீட்டுக்குக் காசு கட்டுறவன் வாங்கிறது மன்னிப்பில்ல, கடவுளிண்ட கோபத்த எண்டு எழுதி வச்சிருக்கிறார் மனுசன். வெளியில போர்டில லூத்தரன் எண்டு பேர் போட்டுட்டு உள்ளுக்க வோட்டுக்கு விலை எழுதினா, பாக்கிறவன் சிரிப்பான். இன்னொண்டு, கூட்டத்துக்கு முதல் உங்கட சபை யாப்ப எடுத்து வாசியுங்கோ, அலுமாரிக்குள்ள எங்கயாவது கிடக்கும். வோட்டு ஆருக்கு எண்டு அதில எழுதியிருக்கும். அத மாத்துறது எண்டா சும்மா கைய உயர்த்தி மாத்தேலாது, யாப்புத் திருத்தத்துக்கு எண்டு வழக்கமா வேற முறை இருக்கும், முன்கூட்டியே எழுத்தில அறிவிக்கிறது, கூடுதலான ஆதரவு வேணும் எண்டு இப்பிடி. போதகரிட்டயும் போன் பண்ணிக் கேளுங்கோ, அவரக் கூட்டத்தண்டைக்கு ஹபரணையில பஸ்ஸுக்குள்ள வச்சு மடக்காதேங்கோ, ஒரு கிழமைக்கு முதல் கேளுங்கோ.

நோட்டீஸ் போர்டில ஒட்டத்தான் வேணும் எண்டா ஒட்டுங்கோ, ஆளிண்ட பேர இல்ல, கணக்க. மாசா மாசம் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, குறையிறது இவ்வளவு. 1523ல ஜெர்மனியில லைஸ்னிக் எண்ட ஊரில சபைக்காசுக்கு ஒரு பொதுப்பெட்டி வச்சாங்கள், லூத்தர்தான் அதுக்கு முன்னுரை எழுதினவர். அந்தப் பெட்டிக்கு நாலு பூட்டு, நாலு திறப்பு. பிரபுக்களிட்ட ஒண்டு, நகரசபையிட்ட ஒண்டு, ஊர்ச்சனத்திட்ட ஒண்டு, நாலாவது சுத்துவட்டார விவசாயிகளிட்ட. நாலு பேரும் வந்தாத்தான் பெட்டி திறக்கும். போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், ஏழையள், அநாதைப் பிள்ளையள் எல்லாத்துக்கும் அதுக்குள்ள இருந்துதான். கவனிச்சியளா, விவசாயி பிரபு குடுத்த அளவு காசு குடுத்திருக்கவே மாட்டான், ஆனா திறப்பு அவன்ட கையிலயும் இருந்தது. ஐந்நூறு வருசத்துக்கு முதல் அவங்கள் செய்தத நாங்கள் வட்ஸ்அப் குரூப் வச்சுக்கொண்டு செய்ய மாட்டம் எண்டுறம்.

இப்ப அந்த விதவை அக்கா. தயவுசெய்து கூட்டத்தில அவவ உதாரணமா எடுத்துக் கதைக்காதேங்கோ. நீங்கள் அவவுக்காகப் பரிஞ்சு பேசிறதா நினைப்பீங்கள், அவ பின் வாங்கில தலையக் குனிஞ்சுகொண்டு இருப்பா. இன்னொருத்தர் எழும்பி "சரி, அவ கூட்டித் துடைக்கிறதச் சந்தாவில கழிச்சு விடுவம்" எண்டு பெருந்தன்மையாச் சொல்லுவார், கட்டாயம் ஒராள் சொல்லும், அதுக்கும் சம்மதிக்காதேங்கோ. இண்டைக்கு அவ தன்ட விருப்பத்துக்கு வந்து வாளியில தண்ணி அள்ளித் துடைக்கிறா. கழிச்சு விட்டீங்கள் எண்டா அடுத்த சனிக்கிழமை அவ வேலைக்காரி, காய்ச்சலெண்டு ஒரு நாள் வராட்டி ஏன் வரேல்ல எண்டு கேக்க ஆள் இருக்கும். அதவிட நான் உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். 2022ல இருந்து அவ கட்டேல்ல எண்டு உங்கட கொப்பியில இருக்கு, சரி. அந்த வரிசையில நிண்ட வருசத்தில, காஸ் இல்லாம, மண்ணெண்ணெய் இல்லாம வள்ளங்கள் கரையில கிடந்த வருசத்தில, சபை அவவிண்ட வீட்டுக்கு எத்தினை தரம் போனது? அதுவும் நிலுவைதான், எந்தக் கொப்பியில எழுதினீங்கள்? ஒரு பின்னேரம் போங்கோ, கொப்பிய வீட்டில வச்சிட்டுப் போங்கோ, சும்மா இருந்து ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கோ. சந்தாவப் பற்றி அவ தொடங்கினா மட்டும் கதையுங்கோ.

கனடாக்காரர். இதில எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனெண்டா காசு குடுக்கிற ஆள் தூரத்தில இருந்து உத்தரவு போடுறது புதுசே இல்ல. லூத்தரன் சபையச் சேர்ந்த டென்மார்க்காரரிண்ட கப்பல் 1620ல எங்கட திருகோணமலையில வந்து நிண்டது, கோணேசர் கோயிலடியில கோட்டை கட்டப் பாத்தாங்கள், சரிவரேல்ல, அந்த வருசமே தஞ்சாவூர் நாயக்கரிட்ட ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடிக்குப் போயிட்டாங்கள். (இப்ப அந்த இடத்தில இருக்கிற ஃபோர்ட் ஃப்ரெட்ரிக் கோட்டைக்கும் டென்மார்க் ராசாவுக்கும் சம்பந்தமில்ல, அது இங்கிலாந்து ராசாட மகன் ஒருத்தற்ற பேர், எத்தினை பேர் என்னோட இதுக்கு வாதாடியிருக்கிறாங்கள்.) பிறகு 1706ல டென்மார்க் ராசா அனுப்பின லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் தமிழில புதிய ஏற்பாட்ட 1714லயும் 1715லயுமா அச்சடிச்சது லண்டனில இருந்து ஆங்கிலிக்கன்காரர் அனுப்பின அச்சு இயந்திரத்தில, அவங்கட சபையே இல்ல, எண்டாலும் குடுத்தாங்கள். ஆனா கோப்பன்ஹேகனில மிஷன் காசுக்குப் பொறுப்பா இருந்த செயலாளர் வென்ட் எண்டவர், கோயிலும் கட்டடமும் எதுக்கு, அப்போஸ்தலர் மாதிரி வெறுங்கையோட போங்கோ எண்டு கடுமையா எழுதிக்கொண்டிருந்தவர். வெயிலில நிக்கிறது ஒராள், தூரத்தில இருந்து உத்தரவு போடுறது இன்னொராள். சீகன்பால்கு 1718ல புது எருசலேம் ஆலயத்தக் கட்டி முடிச்சு அடுத்த வருசமே, முப்பத்தாறு வயசில, செத்துப்போனார். வென்டோட அந்த மனத்தாங்கல் தீரவேயில்ல.

அதுக்காகக் கனடாக்காரரிண்ட காசத் திருப்பி அனுப்பச் சொல்லேல்ல. கல்லு வைக்கிறதில எனக்குப் பெரிய மனக்கசப்பு இல்ல, வலது கை செய்யிறத இடது கை அறியக்கூடாது எண்டு வேதத்தில இருக்குத்தான், ஆனா ஒரு மகனுக்குத் தகப்பன்ட பேர ஊரில பாக்கோணும் எண்ட ஆசை இருக்கிறது எனக்கு விளங்குது. ஆருக்குத் தெரியும், அந்தத் தகப்பன்ட பேரையும் ஒரு காலத்தில ஆரோ நிலுவையில வாசிச்சிருக்கலாம். சின்னக் கல்லா, வாசல் பக்கச் சுவரில, வைக்கட்டும். பட்டியல் மட்டும் இல்லை. அவருக்கு நீங்களும் ஒரு வொய்ஸ் போடுங்கோ, எழுதினா வேற மாதிரி விளங்கும், குரல்ல சொல்லுங்கோ: "அண்ணை, கூரைக்கு நீங்கள் தாறது பெரிய விசயம், அப்பாட பேர் நாங்கள் வைக்கிறம். நிலுவைப் பட்டியல் சபை தீர்மானிக்கிற விசயம், அத உங்கட காசோட சேர்க்கேலாது. அப்பிடியும் தாறியள் எண்டா சந்தோசம், இல்லாட்டியும் நீங்கள் எங்கட அண்ணைதான்." அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வார்த்தை கூட வேண்டாம், வாதாடாதேங்கோ. தராட்டி? தராட்டி ஒழுக்குக்கு வாளி வச்சுக்கொண்டு சேத்துக் கட்டுவீங்கள், எத்தினை சபை அப்பிடிக் கட்டியிருக்கு.

கடைசியா அத்தான். சின்ன ஞானோபதேசம் எண்ட பாடப் புத்தகத்தில எட்டாம் கற்பனைக்கு, அதான் பொய்ச்சாட்சி சொல்லாதே எண்டதுக்கு, லூத்தர் எழுதின விளக்கம் நீங்கள் திடப்படுத்தலுக்குப் படிச்சிருப்பியள், அயலானப் பற்றி நல்லதாப் பேசி, அவன் செய்யிறது எல்லாத்தையும் நல்ல விதமா எடுத்துக்கொள்ளோணும் எண்டு. அது விதவை அக்காவுக்கு மட்டுமில்ல, அத்தானுக்கும் சேத்துத்தான். அவர் கல்நெஞ்சுக்காரன் இல்ல, கணக்குப் பாத்துப் பயந்த மனுசன். கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால மச்சாள் எழும்பி எதிர்த்தா அவர் பிடிச்ச பிடியில நிப்பார், எந்த ஆம்பிளையும் நிப்பான். அதால முதலே வீட்ட போங்கோ, அக்காவையும் பக்கத்தில இருத்துங்கோ, "அத்தான், சந்தாவ நீங்கள் பிரேரியுங்கோ, நான் ஆமோதிக்கிறன், மற்ற ரெண்டையும் எடுத்து விடுங்கோ" எண்டு கேளுங்கோ. மாட்டன் எண்டா, மூண்டையும் பிரிச்சுத் தனித்தனியா வோட்டுக்கு விடச் சொல்லித் தலைவரிட்டக் கேக்கிறது உங்கட உரிமை, பிரிச்சு விட்டா ரெண்டாவதும் மூண்டாவதும் விழும் எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டா கை உயர்த்த முதல் ஒவ்வொருத்தரும் தன்ட கவர நினைச்சுப் பாப்பாங்கள். உங்கட வாய்க்கும் ஒரு பூட்டுப் போடுங்கோ, ஆர் எவ்வளவு எண்டது அக்காவுக்குக்கூடத் தெரியக்கூடாது. நீங்கள் எனக்கு எழுதின கடிதத்திலயே ஒராளிண்ட நிலுவை வந்திட்டுது பாத்தீங்களா, அடையாளம் தெரியாம இருக்கட்டும் எண்டு சில விபரத்த நான்தான் மாத்திப் போட்டிருக்கிறன்.

காசு எங்கால வந்தாலும் கூரைய ஐப்பசிக்கு முதல் முடிச்சுப் போடுங்கோ. வாடை தொடங்கினா மேசன்மார் ஒருத்தரும் மேல ஏறமாட்டாங்கள்.