பிட்சர் பிளான்ட் காய்ஞ்சிடுச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, முதல்ல கிழங்கைத் தொட்டுப் பாருங்க

கேள்வி இதுதான்: "பூச்சி பிடிக்கிற பிட்சர் பிளான்ட் ஒண்ணு வாங்கி வெளில வெயில்ல வெச்சேன். மண்ணுலேருந்து நேரா புனல் மாதிரி நிமிர்ந்து நிக்கிற வகை. ஆறு மாசம் அருமையா இருந்துச்சு. குளிர் ஆரம்பிச்சதும் ஒவ்வொரு குடுவையா மேலேருந்து கருகிட்டே வந்து இப்ப மொத்தமும் பிரவுன். செத்துடுச்சா? வீட்டுக்குள்ள எடுத்து வைக்கணுமா? வருஷம் பூரா வெளில வளர்க்க முடியுமா?"

அனேகமா சாகல, தூங்குது. நீங்க சொல்ற அடையாளத்துக்கு இது சாரசீனியா. வட அமெரிக்காவோட சதுப்பு நிலச் செடி, அங்க வருஷா வருஷம் குளிர் வந்தா இலைய விட்டுட்டு அடங்கிப் போகும். உறுதி பண்ணிக்கணும்னா மேல் மண்ண விரலால லேசா விலக்குங்க, படுத்த வாக்குல ஒரு கிழங்கு இருக்கும், அத அழுத்திப் பாருங்க. இஞ்சி மாதிரி கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. பொதபொதன்னு அமுங்கி ஒரு அழுகல் வாடை வந்தா, கெட்ட பகுதிய வெட்டிட்டு உள்ள வெள்ளையா கெட்டியா இருக்கிற துண்டை மட்டும் புது கலவைல நடுங்க, பொழைக்க வாய்ப்பு இருக்கு.

உள்ள மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. கதகதப்புல முழிச்சுக்கும், வெளிச்சம் பத்தாது, வெளிறிப்போய் நோஞ்சானா துளிர் விடும். தூக்கம் கெட்ட செடி ஒரு வருஷம் தாங்கும், ரெண்டாவது வருஷமும் கெடுத்தா பெரும்பாலும் போயிடும். 3லேருந்து 4 மாசம், 10 டிகிரிக்குக் கீழ இருக்கிற குளிர் அதுக்கு வேணும். லேசான உறைபனி ஒண்ணும் பண்ணாது, ஆனா தொட்டி முழுசும் நாள்கணக்குல கல்லா உறைஞ்சு மேல காஞ்ச காத்தும் அடிச்சா ஆபத்து, அந்த மாதிரி இடம்னா தொட்டிய சுவர் ஓரமா தள்ளி சுத்தி காஞ்ச இலைய குமிச்சு விடுங்க. இந்த சமயத்துல மண் ஈரமா இருந்தா போதும், தண்ணில ஊற வேண்டாம். சாம்பல் பூஞ்சை வரும், அதனால முழுசா காய்ஞ்ச குடுவைகள அப்பப்ப வெட்டி எடுத்துடுங்க.

குளிர் விடுறப்ப மிச்சம் இருக்கிற பழசு எல்லாத்தையும் அடியோட வெட்டுங்க. தொட்டி மாத்துறதா இருந்தா துளிர் வர்றதுக்கு முன்னாடி இதுதான் நேரம், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். அப்புறம் பல வகைல குடுவைக்கு முன்னாடி பூ வரும், கவுத்து வெச்ச குடை மாதிரி நீளக் காம்புல தொங்கும். மகரந்தம் கொண்டுவர்ற வண்டையே செடி தின்னுடக் கூடாதுன்னு இந்த ஏற்பாடுன்னு சொல்றாங்க, எனக்கு ஒவ்வொரு வருஷமும் அத பாக்கறப்ப ஆசையா இருக்கும். செடி பலவீனமா இருந்தா மட்டும் மொட்ட கிள்ளிடுங்க.

வெயில் காலத்துல குறைஞ்சது 6 மணி நேரம் நேரடி வெயில், கூட கிடைச்சா இன்னும் நல்லது, அப்பதான் சிவப்பு நரம்பெல்லாம் ஏறும், குடுவையும் சாயாம நிக்கும். தொட்டிய டிரேல வெச்சு 2, 3 செ.மீ. தண்ணி எப்பவும் நிக்கட்டும்.

நான் பாத்ததுல நிறைய பேர் செடிய கொல்றது தண்ணிலதான். குழாய் தண்ணி, போர் தண்ணி ரெண்டும் வேண்டாம். அதுல இருக்கிற உப்பு தண்ணி ஆவியாக ஆவியாக மண்ணுலயே தங்கிடும், சத்தே இல்லாத மண்ணுக்குப் பழகின வேர் அத தாங்காது, ஆனா செடி உடனே சாகாம மாசக்கணக்குல மெதுவா சுருங்கறதால யாருக்கும் தண்ணி மேல சந்தேகமே வர்றதில்ல. மழைத் தண்ணி, டிஸ்டில்டு வாட்டர், ஆர்ஓ வாட்டர் ஊத்துங்க. வீட்டு ஆர்ஓ மெஷின்ல சிலது மினரல திரும்ப கலந்து விடும், அதனால தண்ணில கரைஞ்சிருக்கிற உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர்ல ஒரு தடவை பாருங்க, 50 பிபிஎம்முக்குக் கீழ இருக்கணும். மண்ணும் இதே கணக்குதான்: உரம் கலக்காத பீட் மாஸ் (சதுப்பு நிலத்துல மக்கின பாசி), கூட பெர்லைட் (வெள்ளையா லேசா பொரிஞ்ச எரிமலைக் கல்). தோட்ட மண், கம்போஸ்ட், உரம் எதுவும் போகக் கூடாது.

சாப்பாடு நீங்க ஊட்ட வேண்டாம், கறித்துண்டு போட்டா குடுவை அழுகும், அவ்வளவுதான். காய்ஞ்ச குடுவை ஒண்ண நீளவாக்குல பிளேடால கிழிச்சுப் பாருங்க: அடியில கருப்பா குழைஞ்ச கூழ், அதுக்கு மேல எறும்புத் தலை, வண்டு ஓடு, ஈ இறக்கைன்னு அடுக்கடுக்கா இருக்கும், உள் சுவர்ல கீழ்நோக்கி சாஞ்ச முடி விரலுக்குத் தட்டுப்படும்.

வெயில் தணியறப்ப குடுவை இல்லாம தட்டையா வாள் மாதிரி இலை வந்தா பயப்படாதீங்க, ஃப்ளேவா மாதிரி வகைகள் அப்படித்தான். வெள்ளைத் தலை லூக்கோஃபில்லா நேர்மாறு, அழகான குடுவைய அப்பதான் விடும்.

இலை நுனியில குடுவை தொங்கற நெப்பந்தஸ் யாராவது வெச்சிருந்தா இதுல எதையும் அதுக்குச் செய்யாதீங்க. அது வெப்பமண்டலச் செடி, தூங்காது, டிரே தண்ணில நின்னா வேர் அழுகும், காத்தோட்டமான கலவையும் ஈரக்காத்தும் வடிகட்டின வெளிச்சமும் கேக்கும்.

குளிரே வராத இடத்துல சாரசீனியா வளர்க்கறவங்களுக்கு ஃபிரிட்ஜ்தான் வழி. குடுவைகள வெட்டி, கிழங்க கழுவி, ஈரமா பிழிஞ்ச ஸ்பாக்னம் பாசில சுத்தி ஜிப் கவர்ல போட்டு 3 மாசம் கீழ் தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல இல்ல. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பிரிச்சு பூஞ்சை இருக்கான்னு பாருங்க. எடுத்து நட்டதும் ஒரு வாரம் பாதி நிழல், அப்புறம் முழு வெயில்.